எக்ஸ்ரே கவரில் பயோடேட்டா

நான் பயணம் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சித்தி என்னை வழியனுப்ப ரயில் நிலையம் வரை வரவில்லை. பத்து மணிக்கு அவள் ஒரு மருத்துவமனையில் பயோடேட்டா கொடுக்க வேண்டியிருந்தது. இருவரும் ஒரே பேருந்தில் ஏறினோம். என் மடியில் முதுகுப்பை, அவள் மடியில் பெரிய பழுப்பு நிற எக்ஸ்ரே கவர். மூன்றாவது நிறுத்தத்தில் அவள் எழுந்தாள்.

“தினமும் மெயில் பாருடி.”

“பார்க்கறேன் சித்தி.”

“ஊர் சுத்தற ஜோர்ல மறந்துடாதே.”

“சத்தியமா பார்க்கறேன். இறங்கு, டிரைவர் முறைக்கறார்.”

அவள் இறங்கி, கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பினால் கவர் வளைந்துவிடும் என்பதுபோல் இருந்தது அந்த நடை.

சித்தி என் அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு, என் பன்னிரண்டாவது வயதிலிருந்து என்னை வளர்த்தவள் அவள்தான். கல்யாணம் பற்றி யாராவது கேட்டால், “இவளைக் கரையேத்திட்டுப் பார்க்கலாம்” என்பாள். நான் கரையேறுகிற ஆளாக இல்லை.

பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் பத்தொன்பது வருடம் இருந்தாள். போல்ட், நட், வாஷர், பேரிங் எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாஷரைத் தடவி அளவு சொல்வாள். சீட்டில் கையெழுத்து இல்லாவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் ஒரு ஸ்க்ரூ கிடைக்காது. ஸ்டோர்ஸ் சாவியை ஒருநாளும் இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. அங்கே அவளுக்குப் பட்டப்பெயரே ‘பூட்டு’. தொழில் நொடித்து அந்த இடத்தை ஒரேயடியாக இழுத்து மூடியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

அவள் முதலில் கையால் எழுதிய பயோடேட்டா ஏழு பக்கம் வந்தது.

“சித்தி, இது பயோடேட்டாவா, சரக்குப் பட்டியலா?”

“பத்தொன்பது வருஷத்தை ஒரு பக்கத்துல அமுக்க அது என்ன சூட்கேஸா?”

“படிக்கறவங்களுக்கு அரை நிமிஷம்தான் இருக்கும்.”

“அரை நிமிஷத்துல ஆளை எடுக்கறவன் அரை நிமிஷத்துல அனுப்பிடுவான்டி.”

பேரம் பேசி இரண்டு பக்கத்துக்கு இறங்கி வந்தாள். ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் விதத்தில் என் பேச்சு எடுபடவில்லை. காகிதத்தில் மடிப்பு விழக் கூடாது. கடையில் விற்கும் கவர்கள் எல்லாம் தொளதொளவென்று இருந்தன. எனவே தன் முழங்கால் எக்ஸ்ரேயை வெளியே எடுத்துவிட்டு, அந்தக் கவருக்குள் ஓர் அட்டையைச் செருகி, மேலே அச்சடித்திருந்த எக்ஸ்ரே சென்டர் பெயரை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தாள். வாசலில் செக்யூரிட்டி கை நீட்டினால் தரமாட்டாள். “பரவாயில்லைங்க, நான் உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்லி, உரியவர் வரும்வரை காத்திருப்பாள். வாங்கியவர் பெயர், தேதி, நேரம் மூன்றும் ஒரு சின்ன நோட்டில் ஏறும். மூன்று வாரம் பதில் இல்லாவிட்டால் அதே இடத்துக்கு மறுபடி போவாள். “அடியில கிடக்கற சரக்கை நாமதான் இழுத்து மேல போடணும்” என்பாள்.

பதினோரு இடங்களில் கொடுத்தாள். அவள் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். அந்த மருத்துவமனையின் மருந்து ஸ்டோர்ஸ் வேலை. அங்கே நாற்காலி உண்டு. இனி நின்றுகொண்டே செய்யும் வேலைக்குப் போகக் கூடாது என்று எலும்பு டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தொடர்பு விவரம் மட்டும் என் யோசனை. அவளிடம் இருந்தது பழைய பொத்தான் போன். அதில் எதிராளியின் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். “இந்த நம்பரைப் போட்டா, ஹலோ ஹலோன்னு நீ கத்தறதுலயே வச்சுட்டுப் போயிடுவாங்க” என்று எண்ணை எடுத்துவிட்டேன். அவள் பெயரில் ஒரு மெயில் முகவரி திறந்து அதைப் போட்டேன். கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“உன்கிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன” என்றாள். யாருக்கும் சாவி கொடுக்காதவள் எனக்குக் கொடுத்தது அப்படித்தான்.

இரண்டாவது ஞாயிறு வரை தினமும் பார்த்தேன். பிறகு ஒரு துறைமுக ஊரில் என் போன் தொலைந்தது. புதிய போனில் அந்த முகவரியைச் சேர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன். காலையில் நினைப்பேன், அதற்குள் ஏற வேண்டிய பேருந்து வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவேன். “ஏதாவது வந்துச்சா?” என்பாள். “ஒண்ணும் வரல சித்தி” என்பேன். முதல் இரண்டு வாரம் அது உண்மை. மூன்றாவது வாரம் பார்க்காமலே சொன்னேன். நான்காவது ஞாயிறு அவள் விடவில்லை.

“நல்லாப் பார்த்தியா?”

“பார்த்தேன் சித்தி. இன்னிக்குக் காலைலகூடப் பார்த்தேன்.”

 

“சரி. உடம்பைப் பார்த்துக்கோ” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மழை நாளில், போக இடமில்லாமல் விடுதி அறையில் உட்கார்ந்து அந்த மெயிலைத் திறந்தேன். மருத்துவமனையிலிருந்து ஒரே ஒரு கடிதம். மருந்து ஸ்டோர்ஸ் பணிக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல், அசல் சான்றிதழ்களோடு வரவும். நான் கிளம்பிய பதினான்காம் நாள் வந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை முடிந்து வெகு நாளாகியிருந்தது.

அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிறு வரட்டும் என்று இருந்தேன். ஞாயிறன்று அவளே முந்திக்கொண்டாள்.

“ஜவுளிக்கடைல வேலை கிடைச்சிடுச்சுடி. பில் போடற இடம்.”

“உட்கார்ந்து செய்யற வேலைதானே?”

“வாங்க வர்றவங்க நிக்கும்போது நாம உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். கதவைத் திறந்துவிட்டு அவள் எனக்கு முன்னால் மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் இடது காலையே முதலில் வைத்து, வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அறையில் அதே கவர் ஆணியில் தொங்கியது. உள்ளே மறுபடி எக்ஸ்ரேக்கள்தான். முன்பு ஒன்று இருந்தது, இப்போது மூன்று.

சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய் திறந்தேன். “என்னடி, பசிக்குதா?” என்று கேட்டு எழுந்துவிடுவாள். அந்தக் காலோடு அவள் சமையலறைக்கு நடப்பதைப் பார்த்ததும் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும். ஒரு மாதம்கூட அங்கே என்னால் இருக்க முடியவில்லை. நகரின் மறுகோடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அங்கே உட்கார்ந்தபடியே மடிக்கணினியில் அறுபது இடங்களுக்கு என் பயோடேட்டாவை அனுப்பினேன். ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை. இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். ஒரு நாளைக்குப் பத்து முறை பார்க்கிறேன்.

போன வாரம் சித்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இப்போது அவளிடம் புதிய போன் இருக்கிறது, தட்டச்சு செய்யவும் பழகிவிட்டாள்.

“எங்க கடை ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க. உன் பயோடேட்டா ரெண்டு காப்பி எடுத்துட்டு வா. மடிக்காதே. எக்ஸ்ரே எல்லாம் வெளிய எடுத்து வச்சுட்டேன், கவர் காலியாத்தான் இருக்கு. மேனேஜர் கையிலயே குடுத்துடறேன். மெயில் உன்னோடதே போடு, நீயே பாரு. இன்னொண்ணு. அந்த ஆஸ்பத்திரிக்கு மூணு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை போய்க் கேட்டேன். மெயில் அனுப்பினோம், நீங்க வரல, வேற ஆளைப் போட்டாச்சுன்னாங்க. மறுநாள் ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டே. நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். அதான் ரெண்டு தடவை கேட்டேன்.”