பொன்மலை பஸ் புறப்படும் நேரம்

ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வரும் பஸ் சத்திரம் பேருந்து நிலையத்துக்குள் திரும்பும்போது, பொன்மலை பஸ் வெளியே போய்க்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். வாரக்கணக்கில் அதுவே நடந்தது. இரண்டு டிரைவர்களும் கடந்து போகையில் ஒருவருக்கொருவர் கையை உயர்த்திக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கையே உறுத்த ஆரம்பித்தது.

பொன்மலையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. நான் தவறவிடும் பொன்மலை பஸ் அரசு பஸ், அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது போன கையோடு ஒரு தனியார் பஸ் அதே இடத்தில் வந்து நிற்கும். "வாங்க மேடம், பொன்மலைதானே, ஏறுங்க" என்பார் அதன் கண்டக்டர். நான் எங்கே போகிறேன் என்பது மட்டுமல்ல, எனக்கு வேறு வழியில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் ஆட்டோ பிடித்து முன்கூட்டியே போய், தூணோரம் நின்று கவனித்தேன். பஸ்களை நேரம் பார்த்து அனுப்பும் டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார், விசில் ஊதினார். பொன்மலை பஸ் கிளம்பியது. ஸ்ரீரங்கம் பஸ்ஸின் மூக்கு அப்போதுதான் வளைவில் தெரிந்தது. தனியார் பஸ் கண்டக்டர் இரண்டு டீயோடு வந்து ஒன்றை டைம் கீப்பரிடம் நீட்டினார். இருவரும் பேசிவைத்துக்கொண்டுதான் அரசு பஸ்ஸை முந்தி அனுப்புகிறார்கள் என்று முடிவு கட்ட எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். "ஒரு டீ குடிச்சதுக்கா?" என்று கணவர் சிரித்தார். மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனுவோடு போனேன்.

அங்கே இருந்த அதிகாரி என்னைவிட வயதில் சின்னப் பெண். நிதானமாகக் கேட்டார். கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பஸ்ஸும் சரியான டயத்துக்குத்தாங்க ஓடுது" என்றார்.

"அப்புறம் ஏன் ஒண்ணை ஒண்ணு பிடிக்க முடியல?"

"ஸ்ரீரங்கம் பஸ் ஒரு டிப்போ, பொன்மலை பஸ் வேற டிப்போ. அவங்கவங்க பஸ்ஸுக்கு அவங்கவங்க டயம் போடுறாங்க. ரெண்டும் சேரணும்னு இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கலை."

நான் நம்பவில்லை. இத்தனை பேர் ஏறி இறங்கும் ஊரில் ஒருவர்கூடவா கேட்டிருக்க மாட்டார்கள்? என் சந்தேகம் இப்போது அந்தப் பெண்மீதும் படர்ந்தது.

ஆனால் சில நாட்களில் பொன்மலை பஸ் காத்திருக்கத் தொடங்கியது. நாங்கள் இறங்கி நடந்து போய் ஏறிய பிறகுதான் விசில் ஊதினார்கள். ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது. அந்த வாரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் பக்கத்து சீட்டில் ஒருவர் பொருமிக்கொண்டே வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. உப்பிலியபுரம் பக்கமிருந்து விடியலில் கிளம்பி வருகிறவர். "இந்த பஸ் லேட்டானதுலேருந்து சங்கு ஊதின பிறகுதான் கேட்டுக்குப் போறேன். யாரோ மனு கொடுத்து மாத்திட்டாங்களாம். ப்ரைவேட் பஸ்காரன் ஆளுதான், வேற யாரு? அரசு பஸ்ஸ லேட்டாக்கினா எங்க மாதிரி ஆளுங்கல்லாம் அவன்கிட்டதானே போவோம்" என்றார்.

நான் போட்டிருந்த கணக்கையே அவர் திருப்பிப் போட்டிருந்தார். அதிலும் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. இறங்கும் இடம் வரப்போகும் நேரத்தில், "மனு கொடுத்தது நான்தாங்க" என்றேன்.

அவர் என் கைப்பையையும் செருப்பையும் பார்த்தார். "உங்களுக்கு என்ன லாபம்?"

"பஸ்ஸைப் பிடிக்கலாம்னுதான். வேற ஒண்ணும் இல்லீங்க."

அவர் இறங்கிப் போய்விட்டார். சாயங்காலம் வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் அவரிடம் போய், "திரும்பவும் அந்த ஆபீசுக்குப் போறேன். நீங்களும் வாங்க, உங்க கஷ்டத்தை நீங்களே சொல்லுங்க" என்றேன். அரை மனதோடுதான் வந்தார். அலுவலக வாசலில், "இங்க உள்ளவங்க உங்களுக்கு முன்னாடியே பழக்கமா?" என்று கேட்டார். அந்த அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்ததும் அவர் முகம் இன்னும் இறுகியது.

இருவரும் சொன்னதை அதிகாரி கேட்டுக்கொண்டார். "அப்போ பொன்மலை பஸ் பழைய டயத்துக்கே போகட்டும். ஸ்ரீரங்கம் பஸ்ஸைக் கொஞ்சம் முன்னாடி எடுக்கச் சொல்லிப் பாக்குறேன். அந்த டிப்போ ஒத்துக்கணும்" என்றார்.

ஒத்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. இப்போது நான் காலையில் இன்னும் சீக்கிரம் எழுந்திருக்கிறேன். அவரும் சங்குக்கு முன்னால் உள்ளே போய்விடுகிறார். பஸ்ஸில் அவர் எனக்கு இடம் போட்டு வைக்கும் அளவுக்குப் பழகிவிட்டோம்.

ஆனாலும் போன வாரம் மெதுவாகக் கேட்டார். "கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஆபீசுக்குள்ள உங்களுக்கு யாரோ சொந்தக்காரங்க இருக்காங்கதானே?"

இல்லை என்றேன். தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.