பனிக்குப் போடுற மருந்து

உள்நாட்டுச் சண்டை முடிந்து சில வருடங்களில் என் அக்கா ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், இத்தாலியிலிருந்து எங்கள் உப்பளத்து ஊரான பாலாவிக்குத் திரும்பி வந்தார். அங்கே ஹோட்டலில் கோப்பை கழுவியவர். பனிமலையை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஓரடி சறுக்கியிருந்தாலும் இடுப்பு முறிந்திருக்கும். ஆனால் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியதும், பாலாவி வெக்கையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு டீவிக்கு முன்னால் குந்திவிட்டார். இத்தாலிக்காரன் சறுக்கினால் "எங்கட ஆள்!" என்று துள்ளுவார். வெட்கமில்லாமல் நானும் சேர்ந்து கைதட்டினேன்.

ஒரு பகல், போட்டிக்கு முன்னால், சறுக்குப் பாதையில் ஆட்கள் வெள்ளையாக எதையோ அள்ளி வீசினார்கள். தேத்தண்ணி கொண்டு வந்த ராத்தா நின்று பார்த்தாள். மச்சான் இல்லாத வருடங்களில் உப்பளத்தில் உப்பு வாரிப் பிள்ளைகளை வளர்த்தவள் அவள்.

"அது உப்பு. கையிலருந்து விழுற விதத்திலயே தெரியுது," என்றாள்.

"ஒனக்கென்ன தெரியும்? அது பனிக்குப் போடுற மருந்து," என்று மச்சான் சீறினார்.

சற்று நேரத்தில், இளகிய பனி இறுகுவதற்காக உப்புப் போடுகிறார்கள் என்று ஆங்கில வர்ணனையாளரே சொன்னார். மச்சான் சத்தத்தைக் குறைத்தார். ராத்தா தேத்தண்ணியை வைத்துவிட்டு, குசினியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த நாள் சந்தித் தேத்தண்ணிக் கடையில், உப்பளத்து ஆட்களுக்கு நடுவில் மச்சான் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"பனி இறுகணுமென்டா உப்புப் போடணும்," என்றார். "உப்பைப் பத்தி ஒங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?"