அத்தைக்கு வைத்த மருந்து

மோர் டம்ளரில் என் மாமியார் கல் உப்பை அள்ளிப் போட்ட அந்த மத்தியானம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கலக்கக்கூடப் பொறுமையில்லாமல் குடித்துவிட்டு, அடியில் தங்கியதை விரலால் வழித்து நக்கினார். பிறகு நிமிர்ந்து, "எதுலயுமே உப்பு ஒறைக்க மாட்டேங்குது. நீ என்னத்தக் கலக்குற சாமி?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் மஞ்சள் காட்டுக்கு நடுவே எங்கள் வீடு. கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த வருடம் அத்தை வெயிலில் நிற்காமலே கறுத்தார். உள்ளங்கை ரேகைகள்கூட மை தடவியதுபோல ஆயின. ரவிக்கைகள் தொளதொளத்தன. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. மகனை என் பக்கம் இழுத்துக்கொள்ளச் சோற்றில் மருந்து வைத்துத் தன்னை மெல்லக் கொல்கிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். வயிற்றிலிருந்து மருந்து எடுப்பவர் ஒருவரிடம் போய், எதையோ குடித்து வாந்தியெடுத்துவிட்டு வந்தார். அதன் பின் நான் ஒரு வாய் தின்று காட்டினால்தான் சோற்றைத் தொடுவார். சந்தேகம் ஒட்டிக்கொள்ளும் நோய். வேறு யாராவது கலக்கிறார்களோ என்று நானும் உப்பு ஜாடியை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு காலையில் கட்டிலைவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். சேலத்துக்குக் கொண்டுபோனேன். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, அடிமட்டத்துக்கு இறங்கியிருந்த ரத்த அழுத்தத்தையும் அந்த உள்ளங்கைகளையும் பார்த்ததுமே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் வீங்கிக் கிடந்தன. அவை வேலை செய்யாததால்தான் கறுத்ததும், உப்புக்கு ஏங்கியதும். காசநோயாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தபோது லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய். அது அந்த இடத்தில் தொடங்குவது மிக அபூர்வமாம்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார் கணவர், போனில். நான் கேட்கவில்லை. மறைத்தால் அதுவும் நான் வைத்த விஷமாகிவிடும். "கேன்சருங்க அத்தை" என்று நானே சொன்னேன்.

அவர் டாக்டரிடம், "ஏனுங்க, இது எதனால வந்துச்சுங்க?" என்று கேட்டார்.

"காரணம் எங்களுக்கே தெரியாதுங்கம்மா."

அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. சிவப்பு மருந்து ஏறிய முதல் நாள் சிறுநீரும் சிவப்பாகப் போனது. "ரத்தமாப் போகுது, கொன்னுபோட்டா!" என்று அவர் கத்தியதில் வார்டே என்னைப் பார்த்தது. மருந்தின் நிறம்தான் அது என்று நர்ஸ் சொல்லியும், பக்கத்துக் கட்டில்காரி என்னிடம் பேசவே இல்லை.

முடி கொட்டியது, வாய் புண்ணானது. எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் யாருடைய எச்சிலும் படக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி நான் தின்று காட்ட முடியாது. அன்று கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அத்தை வெகுநேரம் அதையே பார்த்திருந்தார். ஆறிப்போன பிறகு குடித்தார். நம்பிக் குடித்தாரா, பசியில் குடித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

கடைசி ஸ்கேனில் நோயின் சுவடே இல்லை. கெட்டுப்போன சுரப்பிகள் மட்டும் மீளவில்லை. அதற்கான மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டும். நிறம் திரும்பி, மறுபடி காட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். இருந்தும் சில சமயம், நான் தாளிக்கும்போது வாசலில் நின்று என் கையையே பார்ப்பார்.

போன மாதம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அத்தை, நான்தான் மருந்து வெச்சேன்னு இன்னமும் நெனைக்கிறீங்களா?"

அவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. இன்னொரு கவளத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"வெச்சிருந்தாலும், எடுத்ததும் நீதான சாமி."