கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு டாங்கி

தட்டில் இட்லி விழுந்தால் துரை முதலில் அதைத் திருப்பிப்போட்டு அடிப்பக்கம் பார்ப்பார். அப்புறம்தான் சட்னி. இட்லிமேல் அவருக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வந்திறங்கும் சரக்கைச் சோதிப்பது அவர் வேலை. தேறினால் பச்சைச் சீட்டு, தேறாவிட்டால் சிவப்புச் சீட்டு. சிவப்பு அடிக்கடி தீர்ந்துபோகும். பச்சைக் கட்டு மட்டும் கடையில் வாங்கியபோது இருந்த மினுமினுப்பு குறையாமல் மேஜைக்குள் கிடக்கிறது. சரக்கு அனுப்புகிறவர்கள் அவரைப் பார்த்துப் போடும் கும்பிட்டில் பக்தியைவிட வேண்டுதல்தான் அதிகம்.

கேளம்பாக்கத்தில் அவர் குடியிருக்கும் ஃப்ளாட்டே, மனைவி ஸ்ரீதேவி அவரைக் கேட்காமல் பேசி முடித்ததால் கிடைத்தது. அவரிடம் விட்டிருந்தால் இன்றைக்கும் ஏதாவது ஒரு பில்டரின் மாதிரி வீட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இப்பேர்ப்பட்டவருக்கு நாற்பதைத் தாண்டிய வயதில் ஓர் ஆசை வந்தது. கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் வாயைத் திறந்து தூங்கும் நேரத்தில் அவர் போன் பார்ப்பார். அதில் வழுக்கைத் தலை வெள்ளைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் குட்டி ஜெர்மன் போர் டாங்கி செய்துகொண்டிருந்தார். நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படியோ அப்படி. சக்கரத்தில் சேறு, புகைக்குழாயில் துரு. எல்லாம் பெயிண்ட். துருவைக் கண்டால் சிவப்புச் சீட்டைத் தேடிப் போகும் கை, அந்தப் பொய்த் துருவைப் பார்த்துச் சொக்கிப்போய் நின்றது.

வேறு யாராயிருந்தாலும் நேரே கடைக்குப் போய் அந்தத் துண்டுகள் அடங்கிய ஒரு கிட் வாங்கியிருப்பார்கள். துரை தச்சரைக் கூப்பிட்டார். டிவிக்கு மேலே, கதவு போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்று சுவரில் ஏறியது. உள்ளே சின்ன விளக்கு வேறு. மாலையானால் ஒன்றுமில்லாத பெட்டி பளபளவென்று எரியும். பக்கத்து ஃப்ளாட் ஞானம்மாள், எந்தச் சாமி வரப்போகிறது என்று கேட்டு, பதில் வருவதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாதங்கள் போயின. பெட்டிக்குள் விளக்கைத் தவிர வேறெதுவும் வரவில்லை. ஒருநாள் ஸ்ரீதேவி தீர்ப்பு எழுதிவிட்டார்.

"ஆயுத பூஜைக்குள்ள இதுல உங்க டேங்கு உக்காரணும். இல்லன்னா மோகன் வாங்கின கப்பு அத்தினியும் எடுத்தாந்து அடுக்கிடுவேன். பாவம், பரண்ல தூசி துன்னுகினு கெடக்குது."

மோகன் என்பது ஸ்ரீதேவியின் தம்பி. கபடிக்காரன். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எந்த ஊரில் போட்டி நடந்தாலும் ஒரு கோப்பையோடுதான் திரும்புவான். துரைக்கு அவன்மேல் பிரியம் உண்டு. ஆனால் தினமும் மாலை டிவி போட்டால், திரையில் யார் பேசினாலும் அதற்கு மேலே மச்சான் ஜெயித்துக்கொண்டே இருப்பதை ஒரு மனிதன் எத்தனை வருஷம் பார்ப்பது?

ஆகவே எந்த டாங்கி என்ற கேள்வி கம்பெனி பஸ்ஸில் பொது விவாதத்துக்கு வந்தது. டெஸ்பாட்ச் குமாரும் டூல் ரூம் பாலாவும் கேட்காமலேயே கமிட்டி ஆனார்கள்.

"நம்ம ஆவடில டேங்கு செய்றாங்கோ. அத்த வுட்டுட்டு ஜெர்மன்காரன் டேங்கு இன்னாத்துக்கு?" என்றான் பாலா.

"அவன் தோத்தவன்பா. தோத்தவன் வண்டிய வூட்ல வெக்கக் கூடாது," என்றான் குமார். "ரஷ்யாக்காரன்தான் கெலிச்சான். அத்த வை அண்ணாத்த."

"கெலிச்சதுதான் வேணும்னா என் மச்சான் கப்பையே வெச்சிக்க மாட்டனா?" என்றார் துரை.

அப்போதுதான் குமார் கேட்டான், கண்ணாடிப் பெட்டிக்கு நீளம் எந்தக் கணக்கில் போட்டாய் என்று. துரை பெருமையோடு விளக்கினார். டாங்கி கதவைப் பார்த்து நிற்கும். போனில் பார்த்த டாங்கியின் உடம்பு நீளம், வகுத்தல் முப்பத்தைந்து, முன்னும் பின்னும் விரலளவு இடைவெளி.

"பீரங்கி?"

"இன்னா பீரங்கி?"

"டேங்குக்கு முன்னால நீட்டிகினு இருக்குமே, அது உன் கணக்குல எங்க கீது?"

பஸ் கண்டிகை தாண்டும்வரை துரை விரல்விட்டு மறுபடி கணக்குப் போட்டார். பிறகு சொன்னார். "தலைய பின்பக்கமா திருப்பி வெச்சா பீரங்கி முதுகு மேல படுத்துக்கும். உள்ள அடங்கிடும். தலை திரும்பற டேங்கா பாத்து வாங்கிக்கலாம்."

"சண்டைக்குக் கெளம்பும்போதே திரும்பி ஓடற மாதிரி நிக்கும்," என்றான் குமார். "உனக்கு வாச்ச டேங்கு அண்ணாத்த."

கோவளத்தில் ஜோயல் என்பவன் வீட்டு முன்னறையில் கடை வைத்திருக்கிறான். ரிமோட் கார், பட்டம், கூடவே இந்த மாதிரி கிட்டுகள். துரை ஞாயிறு தவறாமல் போனார். ஒரு பெட்டியில் ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள், உள்ளே இன்ஜின், சீட்டு எல்லாம் உண்டு. துரைக்குக் கண் விரிந்தது. சக்கரத்தைச் சுற்றி ஓடும் செயினை மட்டும் கண்ணி கண்ணியாகக் கோக்க வேண்டுமாம்.

"வலை பின்ற கை எங்க அப்பாவுது. அவரே இத்தப் பாத்துட்டு எழுந்து பூட்டாரு," என்றான் ஜோயல். "மொதல் தபா செய்றீங்க. சின்னதா, லேசா எடுங்க."

லேசானதில் செயினுக்குப் பதில் ரப்பர் பட்டை இருந்தது. "ரப்பர் பெல்ட்டா? இது டேங்கா, மாவு மில்லா?" என்று துரை அதைத் தள்ளினார். இன்னொன்று ரொம்பக் குட்டி. மற்றொன்றின் அட்டைப்படம் ரொம்ப அழகு. சாம்பிளை அழகாகக் காட்டுகிறவன் சரக்கில் கைவைப்பான் என்பது அவர் அனுபவம். சீலைப் பிரித்துப் பார்க்க ஜோயல் விடவில்லை. துரை பெட்டியைக் குலுக்கினார், காதருகே வைத்துக் கேட்டார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கருவாடு வாங்க வர்றவங்ககூட இப்பிடி மோந்து பாக்கமாட்டாங்கோ அண்ணாத்த," என்றான் ஜோயல்.

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு ஸ்ரீதேவியும் கூட வந்தார். கோவளத்து மீன் வறுவலுக்காக என்று சொல்லிக்கொண்டார். வறுவல் முடிந்து, கடையிலும் அரை மணி முடிந்து, துரை எல்லாவற்றையும் மறுபடி தள்ளினார். ஜோயல் கடைசியாக மேஜைக்கடியிலிருந்து ஒரு கிழிந்த பெட்டியை எடுத்தான்.

"ஓஎம்ஆர்ல கம்ப்யூட்டர் கம்பெனி பையன் ஒர்த்தர் வாங்கினாரு. பாதி ஒட்டினாரு. ஃபாரின் சான்ஸ் வந்துச்சு, என்கிட்டயே குட்த்துட்டுப் பறந்துட்டாரு."

ரஷ்ய டாங்கி. டி-34. கீழ்ப்பாதி துண்டு துண்டாக இருந்தது. மேல்பாதியை அந்தப் பையன் ஒட்டியிருந்தான். ஒட்டியிருந்தான் என்பது மரியாதைக்காகச் சொல்வது. பசை வழிந்து அதில் அவன் கைரேகை பதிந்து காய்ந்திருந்தது. துரை பீரங்கியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. தலையையும் சேர்த்து ஒட்டிவிட்டான்.

"தலை திரும்பல. பெட்டில வெச்சா கதவு மூடாது. ரிஜெக்ட்."

ஸ்ரீதேவி கைப்பையை மேஜைமேல் வைத்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். டேங்கு சரியில்லியா, இல்ல செய்ய பயமா?"

துரை பெட்டியின் கிழிசலைச் சரிசெய்தார்.

"இத்தினி வருசமா அடுத்தவன் செஞ்சத திருப்பித் திருப்பிப் பாத்து கொற சொல்லிகினு கீறீங்க. நீங்களா ஒண்ணு செஞ்சா அத்தயும் நாலு பேரு திருப்பிப் பாப்பாங்கோ. அதானே?"

ஜோயலுக்குத் திடீரென்று பட்டங்களை அடுக்கும் வேலை வந்தது.

"அதான்," என்றார் துரை, ஏறக்குறைய காற்றிடம். "நான் ஒண்ணுமே செஞ்சதில்ல தேவி. பாத்ததோட சரி."

அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று ஸ்ரீதேவி எதிர்பார்க்கவில்லை. குரல் இறங்கிவிட்டது. "சரி வுடுங்க. இத்த ஏற்கெனவே ஒர்த்தன் கெடுத்துட்டான். நீங்க புதுசா கெடுக்க இதுல இன்னா கீது?"

துரை யோசித்தார். தொழிற்சாலையில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் மஞ்சள் என்று ஒரு சீட்டு உண்டு. சரக்கு கொஞ்சம் கோணல், ஆனால் அது இல்லாவிட்டால் உற்பத்தி லைனே நின்றுவிடும் என்ற நிலையில், இந்த ஒரு தடவை போகட்டும் என்று ஏற்றுக்கொள்வது. அதற்கு டீவியேஷன் என்று பெயர். சோதிப்பவர் அதில் கையெழுத்துப் போட முடியாது. பொருள் யாருக்கு வேண்டுமோ அவர்தான் பொறுப்பேற்றுப் போட வேண்டும். மஞ்சள் சீட்டு ஒட்டிய நாட்களில் துரைக்குச் சோறு இறங்காது.

"டீவியேஷன்ல எடுக்கலாம்," என்றார். "ஆனா நான் சைன் பண்ணக் கூடாது."

விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஸ்ரீதேவி ஜோயலிடம் கை நீட்டினார். "பேனா குடுப்பா." கிழிந்த பெட்டியின் ஓரத்தில் எழுதினார்: தலை திரும்பாது, கதவு மூடாது, பரவாயில்லை. கீழே கையெழுத்து.

அந்த வாரம் சாப்பாட்டு மேஜை துரைக்குப் போனது. ஸ்ரீதேவியின் நகவெட்டி மாயமானது. ஒரு சக்கரத்தை உள்பக்கம் வெளியே வரும்படி ஒட்டிப் பிய்த்தார். பசை விரலில் ஒட்டி, விரல் டாங்கியில் ஒட்டி, மேல்பக்கம் கம்ப்யூட்டர் பையனின் ரேகை, கீழ்ப்பக்கம் துரையின் ரேகை என்று டாங்கிக்கு இரண்டு உரிமையாளர்கள் ஆனார்கள். புகைக்குழாயில் துரு பூசிய அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் என்றால் ஸ்ரீதேவியும், உப்புக் கேட்க வந்த ஞானம்மாளும்.

ஆயுத பூஜையன்று டாங்கி பெட்டிக்குள் ஏறியது. கதவு மூடவில்லை. பீரங்கி கண்ணாடியைத் தாண்டி ஹாலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்த ஸ்கூட்டர், மிக்சி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல அதன் முனைக்கும் ஸ்ரீதேவி சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார்.

பொரி சாப்பிட வந்த குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று பார்த்தான்.

"அண்ணாத்த, கோந்து வழிஞ்சிகீது."

"தெரியும்."

"இந்தச் சக்கரம் தரையத் தொடல."

"தெரியும். டீவியேஷன்ல பாஸ் ஆன பீசு."

"யாரு சைன்?"

"நாந்தான்," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "இன்னா இப்போ?"

குமார் இறங்கி, வாய் நிறையப் பொரி போட்டுக்கொண்டான். துரை அவன் முகத்தையே பார்த்தார். மென்றுகொண்டே அவன் தலையை ஆட்டினான். "துரு சூப்பரா கீது. அசல் துரு." துரையின் காது சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மோகன் வந்தான், கையில் இந்த வருஷத்துக் கோப்பையோடு.

"மாமா, கதவு தொறந்துதான கீது. டேங்குக்குப் பக்கத்துல எடமும் கீது. இத்த ஓரமா வெச்சிக்கவா?"

துரை கோப்பையை வாங்கினார். தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். டிவி ஸ்டாண்டில் வைத்து விரலால் லேசாகத் தட்டினார். அது டக் டக்கென்று ஆடியது.

"அடி கோணல் மச்சான். ரிஜெக்ட்."

மோகன் அடுக்களைப் பக்கம் திரும்பினான். கிழிந்த பெட்டியின் ஓரத்தில் கையெழுத்துப் போட்ட கதை அவனுக்குப் போனிலேயே வந்து சேர்ந்திருந்தது. "அக்கா, இதுக்கும் ஒரு டீவியேஷன் போட்டுக் குடுக்கா!"

ஸ்ரீதேவி சுண்டல் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தார்.

"லைன் ஒண்ணும் நிக்கலியேடா," என்றார்.