பாவு வாசனை அடித்த ராடுகள்

முன்பெல்லாம் மழைக்காலம் வந்தால் எங்கள் பட்டறையின் வெல்டிங் ராடுகளில் பாவு ரொட்டியின் வாசனை அடிக்கும். செம்பூரில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் ஏன் என்று கேட்பார்கள்.

தாராவியில் எங்கள் வீடு என்பது கீழே பட்டறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தான ஓர் இரும்பு ஏணி. அப்பா ஜன்னல் கிரில் செய்வார். பற்றவைத்த இடத்தின் மேல் படியும் கரிப்பொருக்கை, அவர்கள் "சிலாக்" என்று சொல்வதை, அம்மா சுத்தியலால் தட்டி எடுப்பாள். இருவரும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் போனது நான்தான் என்பதால், என் சீருடைக்கு என்னைவிட மரியாதை அதிகம். எந்த மழையிலும் அந்த நீலப் பாவாடை காய்ந்தே ஆகவேண்டும் என்று, வெல்டிங் மெஷினின் விசிறியிலிருந்து வெளிவரும் வெப்பக்காற்று மோதும் சுவரோரம் அப்பா அதற்கென்றே ஒரு கயிறு கட்டியிருந்தார்.

நான் ஆறாவது படித்தபோது அப்பாவுக்கு முதல்முறையாக, பிள்ளையார் விழா நடத்தும் கணபதி மண்டலின் வேலை வந்தது. பிள்ளையாரை ஏற்றிக் கடல்வரை இழுத்துப் போக ஓர் இரும்பு வண்டி. சிலை ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை, மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்த காலையில், வண்டிச் சட்டத்தின் முதல் மூலையில் சிலாக்கைத் தட்டிய அம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"இங்க பாருங்க, ஆப்பம் மாதிரி கண்ணு கண்ணா இருக்கு."

அப்பா கரண்டைக் கூட்டினார், தகடு ஓட்டையானது. குறைத்தார், ராடு ஒட்டிக்கொண்டது. துரு இருக்குமோ என்று பளபளவென்று தேய்த்தார், எர்த் பிடியைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். தோசை வார்ப்பது போலச் சீராகக் கேட்க வேண்டிய சத்தம் கடுகு வெடிப்பது போலவே கேட்டது. இரண்டு துண்டுகளைப் பற்றவைத்து, வைஸில் பிடித்து ஓங்கி அடித்தார். விரிசல் விட்டுப் பட்டென்று முறிந்தது. உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள்.

எட்டிப் பார்க்க வந்த மண்டல் செயலாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது கடல் வரைக்கும் வராது போலுக்கே. பிள்ளையாரு ரோட்டுலயே கரைஞ்சிருவாரு. முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க, எதிர்ப் பட்டறையில குடுத்திருதேன்."

"சாயங்காலம் வாங்க" என்றார் அப்பா. ஆனால் அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

அவர் அடுத்த ராடை எடுக்கக் குனிந்தபோதுதான் அவருடைய பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. கூரையைப் பார்த்தார், ஒழுகவில்லை. அம்மா பார்த்தது கயிற்றை. என் பாவாடையின் ஓரத்திலிருந்து இன்னொரு சொட்டு திரண்டு, நேர் கீழே திறந்து கிடந்த ராடுப் பெட்டிக்குள் விழுந்தது. இத்தனை நாளும் எல்லா ராடுகளும் அதைக் குடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஈர ராடால் பற்றவைத்தால் இப்படித்தான் துளை விழும்.

"ஏட்டி, உன் படிப்பு எங்க வந்து சொட்டுது பாத்தியா" என்றார் அப்பா. அதன்பின் அவர் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவாடையை இழுத்து எடுக்கப்போன என்னை அவர் தடுத்தார். "அது அங்கனயே காயட்டும். பெட்டிக்கு வேற எடம் பாப்போம்."

அந்த இடம்தான் பக்கத்துச் சந்தில் காசிம் பாயின் பேக்கரி. காலைப் பாவு வெந்து இறங்கிய பிறகும் அடுப்பில் நல்ல சூடு மிச்சம் இருக்கும். நாங்கள் மூன்று பேரும் ராடுகளோடு போய் நின்றோம். காசிம் பாய் ஒரு பழைய தட்டை எடுத்து வந்தார்.

"அண்ணாச்சி, எத்தனை பக்கம் செவக்கணும்?"

"ஈரம் போனாப் போதும் பாய். செவக்க வைக்கது என் வேலை."

மதியம் வெதுவெதுப்பாகத் திரும்பி வந்த ராடு தோசை போலச் சீறியது. புதிதாகப் பற்றவைத்த துண்டை அடித்தபோது அது வளைந்ததே தவிர முறியவில்லை. கெட்ட மூலையை அறுத்தெறிந்துவிட்டு அப்பா முதலிலிருந்து தொடங்கினார். சாயங்காலம் வந்த செயலாளர் கூட்டிவந்த ஆட்களை எல்லாம் சட்டத்தின் மேல் ஏற்றிக் குதிக்கச் சொன்னார். அம்மாவும் ஏறிக் குதித்தாள். கடலுக்குப் போன அன்று ஊரே பிள்ளையார் முகத்தைப் பார்க்க, அப்பா மட்டும் குனிந்து சக்கரத்துக்கு மேலிருந்த மூலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ராடுகள் பேக்கரிக்குப் போய் வந்தன.

இன்று நான் ஒரு தொழிற்சாலையில் பற்றவைப்புகளைச் சோதித்துக் கையெழுத்திடுகிறேன். பேக்கரி இருந்த இடத்தில் கட்டடம் எழுந்துவிட்டது. ராடு காயவைக்க அப்பாவுக்கு மின்அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கயிற்றில் இப்போது என் ஆபீஸ் சட்டை காய்கிறது. முதல் நாள் அடுப்பைத் திறந்து ஒரு ராடை எடுத்து மூக்கருகே கொண்டுபோன அப்பா, என்னைப் பார்த்து, "சூடெல்லாம் சரியாத்தான் இருக்கு. வாசனைதான் இல்ல" என்றார்.

சிலாக் தட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. "அப்ப, ரெண்டு பாவு வாங்கி உள்ள வைங்க."