சாமான் அறை ஜன்னல்

கல்லூரி மைதானத்தில் கோடு போடுவது என் வேலை. சுண்ணாம்பை நீற்றி இரண்டு தரம் சலிக்க வேண்டும். கட்டி கிடந்தால் வெறுங்காலில் ஓடுகிற பிள்ளைகளுக்குப் பாதம் வெந்துவிடும். சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டால் நாள் பூராவும் சொல்வேன். எழுதத்தான் தெரியாது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவளிடமும் இதை இன்றுதான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், சமூகப்பணி படித்த ஒரு டீச்சர் வாரம் ஒருநாள் வந்து, விளையாடுகிற பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேசுவார். மனதில் இருப்பதைச் சொல்லலாம், வெளியே போகாது என்பது ஏற்பாடு. இடம் இல்லாததால் ஈட்டியும் குண்டும் கிடக்கிற என் சாமான் அறையைக் கொடுத்தார்கள். தூசி போகட்டும் என்று அதன் ஜன்னலை நான் சாத்துவதே இல்லை. சுண்ணாம்பு சலிப்பதும் வெளியே அதற்கு அடியில்தான்.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி எண்ணூறு மீட்டர் ஓடுவாள். அப்பா வயல் வேலைக்காரர். ஓட்டத்துக்காகத்தான் கல்லூரியில் இடமே கிடைத்தது. என்னைப் பெரியப்பா என்பாள். ஒருநாள் உள்ளே அவள் குரல் கேட்டது.

"நாலு மாசமா நாள் தள்ளிப் போவுது டீச்சர். வீட்டுல தெரிஞ்சா என்னைய ஓட விடமாட்டாவ."

சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். டீச்சர் சொன்ன பதிலுக்கு நிற்கவில்லை.

அந்த வாரம் அவள் அப்பா பயறு கொண்டுவந்தார். வாசலிலேயே அவரை மறித்தேன். "அண்ணாச்சி, பிள்ளையப் பைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. மேக்கொண்டு கேக்காதீங்க." அவரும் எதுவும் கேட்கவில்லை. மத்தியான பஸ்ஸில் கூட்டிப் போய்விட்டார். பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

டீச்சர் அவள் ஊருக்கே போனார். சரியாகச் சாப்பிடாமல் கடுமையாக ஓடுகிற பெண்களுக்கு அப்படி நின்றுபோகும், டாக்டரைப் பார்த்து நன்றாகச் சாப்பிட்டால் சரியாகும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அதற்குள் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். டீச்சர் முகத்தையே அந்தப் பெண் பார்க்கவில்லையாம். டீச்சர்தான் வீட்டில் சொல்லிவிட்டார் என்று நினைத்திருக்கிறாள்.

டீச்சர் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலியே அண்ணாச்சி. எப்படி வெளிய போச்சு?"

"தெரியலியே டீச்சர்" என்றேன். சுண்ணாம்பைச் சலித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் போனபிறகு ஜன்னலைச் சாத்தினேன். அடுத்த வாரம் டீச்சர் வந்து அந்த அறையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் யாரும் வரவில்லை.