பெருவிரல் ரேகை வாங்க ஜவ்வாது மலைக்கு

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நான் ஜவ்வாது மலை ஏறியதற்குக் காரணம் பக்தி அல்ல. சபைக் கமிட்டிக் கூட்டத்துக்கு நான் போகாததுதான். மலையில் ஊருக்கு வெளியே தனியாக வசிக்கும் குஷ்டரோகிப் பெண் ஒருத்திக்கு மூன்று மாதத்து மாத்திரை அனுப்ப வாணியம்பாடியில் எங்கள் சபையார் தீர்மானித்திருந்தார்கள். அவள் கிறிஸ்தவளா என்று ஒரு மணி நேரம் விவாதித்து, இல்லை என்று கண்டு, ஆண்டவர் அதையெல்லாம் விசாரிக்கமாட்டார் என்றும் முடிவு செய்தார்கள். யார் கொண்டுபோவது என்பதற்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது. வராதவர் பெயர் ஏகமனதாக நிறைவேறியது.

காலை ஆறு மணிக்கு பஸ். ஆலங்காயம் பத்து மைல், ஐம்பது நயா பைசா. பையில் மாத்திரைப் புட்டி, கம்பளி, மைப் பெட்டி, அச்சடித்த ரசீது. கையெழுத்தோ இடது பெருவிரல் ரேகையோ வாங்காமல் மாத்திரை கொடுக்கக் கூடாது என்று செயலாளர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

அங்கிருந்து ஒன்பது மைல் நடை, நாலரை மணி நேரம். விறகு விற்றுவிட்டுத் திரும்பிய சடையன் என்ற மலைக்காரர் ஒரு ரூபாய்க்கு வழி காட்டினார்.

"இன்னா சாமி, காலு இப்டி வெடவெடன்னு ஆடுது?"

"கரடி வருமா?"

"பகல்ல வராதுங்க. வந்தாலும் உங்க மூஞ்சப் பாத்து அதுதான் ஓடும்."

கரடியைப் பற்றிய பயத்தைச் சொல்லிக்கொள்ளலாம். மற்றதைச் சொல்ல முடியவில்லை. அந்த நோய் உடம்புக்குள் ஏழு வருஷம் பதுங்கியிருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தவனுக்கு ஒரே நாளில் பயந்து முடிக்கும் வசதி இல்லை.

பதினொன்றரைக்கு ஒரு புளியமரத்தடியில் சடையன் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மேல நாங்க போறதில்லீங்க. அந்தப் பாறை மேல வெச்சிட்டு மூணு வாட்டி கையத் தட்டுங்க. நீங்க நவுந்தப்புறம் வெள்ளச்சி வந்து எடுத்துக்கும்." ஊரார் அவளுக்குக் களி வைப்பதும் அப்படித்தானாம்.

எனக்கோ ரேகை வேண்டும், நகர முடியாது. கை தட்டிவிட்டு அங்கேயே நின்றேன். குடிசையிலிருந்து வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கலாம். ஆள் நிற்பதைப் பார்த்து அவளும் நின்றுவிட்டாள். நான் ரசீதை உரக்கப் படித்து, இடது பெருவிரலை வைக்கச் சொன்னேன்.

அவள் முந்தானையை விலக்கி இரண்டு கைகளையும் காட்டினாள். இரண்டிலும் பெருவிரல் இல்லை. மற்ற விரல்களும் அடிக்கட்டையாகத்தான் இருந்தன.

"எதுலங்க வெக்கறது? வூட்டுல தேடிப் பாக்கட்டா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

விதி என்னைக் காப்பாற்றிவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். புட்டியோடு திரும்பிவிடலாம். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. அதுவரை அந்தக் கைகளில் இன்னும் எவ்வளவு மிஞ்சும்? என் பெருவிரலையே மையில் அழுத்தி ரசீதில் பதித்தேன். கம்பளியையும் புட்டியையும் பாறையில் வைத்துவிட்டு வேகமாக நடந்தேன்.

"சாமி! மூடிய எப்டிங்க தெறக்கறது?"

தகர மூடி, இறுகத் திருகியது. கல்லில் உடைத்துக்கொள் என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவள் பாதங்களைப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லு ஏறினாலும் உறைக்காத பாதங்கள். திரும்பினேன்.

அவள் பின்வாங்கினாள். "நான் தள்ளிப் போய்ட்டு நிக்கறேன். பயந்துக்காதீங்க சாமி." அவளுக்காக என்னிடம் கொடுத்தனுப்பிய இரக்கத்தை அவள் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மூடியைத் திறந்து, மாத்திரைகளைக் கைக்குட்டையில் கொட்டி முடிச்சுப் போட்டேன். பாறையிலேயே வைத்திருக்கலாம். பெயர் சொல்லி அழைத்தேன். தயங்கி வந்து இரு மணிக்கட்டுகளையும் சேர்த்து நீட்டினாள், அதில் வைத்தேன். அவள் கை சூடாக இருந்தது. இறங்கும் வழியில் மூன்று ஓடைகள். மூன்றிலும் கை கழுவினேன், வெட்கத்தோடுதான்.

ரேகை மிகத் தெளிவாக விழுந்திருப்பதாகக் கமிட்டி பாராட்டியது. ஆனால் காகிதத்தை யாரும் தொடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும் பஸ் ஆலங்காயத்தில் நாலரைக்கு, மலையில் பன்னிரண்டரைக்கு மேல் தங்க வேண்டாம். மாத்திரையைத் துணியில் முடிந்து கொண்டுபோங்கள். முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொள்வாள். மைப் பெட்டி தேவையில்லை. பயத்துக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. இதற்குள் இன்னொரு முறையும் போய்வந்தேன். அன்றும் புளியமரம் வந்ததும் கால் நடுங்கியது. நடுங்கினாலும் நடக்கிறது.